பத்துக் கிலோ தழைச்சத்து

என் தராசை யாரும் தொடக்கூடாது. ஆய்வு நிலையத்தில் இயக்குநரிலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் தெரிந்த சட்டம் இது. ஒருமுறை இயக்குநரே ஒரு தபால் உறையைத் தூக்கிக்கொண்டு, எடை பார்க்க வேண்டும் என்று எடை அறைக்குள் வந்தார். "இது தபால் ஆபீஸ் இல்லைங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மனுஷன் சிரித்துக்கொண்டே போனார். எனக்கு வாய் நீளம் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். பதினோரு வருஷத்தில் என் பொட்டலம் ஒன்றுகூட ஒரு கிராம் முன்னே பின்னே போனதில்லை.

பொட்டலம் என்றால் உரப் பொட்டலம். எங்கள் ஊருக்குக் கிழக்கே முள்புதர்க் காடு இருக்கிறது. காடு என்றதும் மரம், நிழல் என்று கற்பனை பண்ண வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிறப் புதர், அப்புறம் வெறும் தரை, மறுபடி ஒரு புதர். மழை பெய்தால் பெய்தது, இல்லாவிட்டால் இல்லை. அதன் ஓரத்தில் கம்பிவேலி போட்டு நாற்பது கட்டங்கள் பிரித்திருக்கிறோம். ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஒவ்வொரு கட்டத்தின் முன்னாலும் ஒரு பலகை. பூஜ்யம், ஐந்து, பத்து, இருபது, நாற்பது என்று எண் எழுதியிருக்கும். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து என்று அர்த்தம்.

ஆராய்ச்சிக்காரர்கள் நைட்ரஜன் என்பார்கள். எனக்குத் தழைச்சத்துதான். வண்டிப் புகை, ஆலைப் புகை, மாட்டுக் கொட்டகை, கோழிக் கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் அது காற்றில் ஏறி, தூசியோடும் மழையோடும் யாரும் கேட்காமலே தரையில் வந்து விழுகிறதாம். அப்படி விழுந்தால் இந்தப் புதர்களுக்கு என்ன ஆகும்? அதைப் பார்ப்பதற்காகத்தான் நாங்களே அளந்து போட்டுக்கொண்டிருந்தோம். வருஷம் ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால். யூரியாவை எடை போட்டு, காகிதத்தில் மடித்து, அளவுக்கு ஒரு நிறமாக நூல் கட்டி வைப்பேன். பிறகு தண்ணீரில் கரைத்து, முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகத் தெளிப்பேன்.

இந்த வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆராய்ச்சியைத் தொடங்கிய பேராசிரியர். "பத்துன்னு போட்ட கட்டத்துக்கு நூறு கிராம் தழைச்சத்து. அதே கணக்குல மத்ததுக்கும். புரிஞ்சுதா?" என்று கேட்டார். "நூறு கிராம்தானே, இதுல புரியறதுக்கு என்ன இருக்கு" என்றேன். அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். மூன்றாம் வருஷம் ஒரு ஆராய்ச்சி மாணவன் வந்து, "நான் ஒரு தடவை பொட்டலத்தை எடை போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டான். நான் கொடுத்த கொடுப்பில் அவன் அதற்கப்புறம் எடை அறைப் பக்கமே தலை வைக்கவில்லை. வேறு யாரும் கேட்கவுமில்லை.

முதல் சில வருஷம் கட்டங்களில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வருஷம் நல்ல மழை. இருபதிலும் நாற்பதிலும் புதர்கள் இளந்தளிர் விட்டுக் கொழுகொழுவென்று நின்றன. இடையில் இருந்த வெறும் தரையெல்லாம் முழங்கால் உயரம் புல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தழைச்சத்து என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் வானம் கண்ணைத் திறக்கவில்லை. இருந்த கொஞ்ச ஈரத்தையும் புல் குடித்துவிட்டுக் காய்ந்தது. மேலே அவ்வளவு இலையை வளர்த்துக்கொண்ட புதர்களுக்குக் கீழே வேர் போதவில்லை. முதலில் நாற்பது செத்தது, அடுத்த வருஷம் இருபது. பத்தும் ஐந்தும் பூஜ்யமும் எப்போதும்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு உயிரோடு நின்றன.

இதையெல்லாம் ஆறு வருஷமாக உட்கார்ந்து அளந்தவள் குச்சி. அவள் பெயர் அதுவல்ல. ஆனால் அந்த உடம்பைப் பார்த்துவிட்டு வேறெப்படிக் கூப்பிடுவது? அவளும் "குச்சி வந்திருக்கேன்க்கா" என்றுதான் கதவைத் தட்டுவாள். புதரின் ஒவ்வொரு கிளைக்கும் எண் கட்டி, இலையை எண்ணி, வெயிலில் கருகி, முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கண்டது ஒரே வரியில் சொல்லக்கூடியது. பத்துக் கிலோ வரைக்கும் புதர் தாங்கும், இருபதில் சாகும்.

அந்த வரிக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாவட்ட அதிகாரி. காட்டை ஒட்டிக் கோழிப்பண்ணை கட்ட ஒரு கம்பெனி அவரிடம் அனுமதி கேட்டிருந்தது. முதலில் பதினெட்டுக் கொட்டகை கேட்டார்கள். அத்தனை கொட்டகையிலிருந்து கிளம்பும் வாயு காட்டின் மேல் ஹெக்டேருக்குப் பதினெட்டுக் கிலோ தழைச்சத்தாக இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் ஆராய்ச்சியைக் காட்டிக் குச்சி ஆட்சேபம் சொன்னதும் கொட்டகையை ஒன்பதாகக் குறைத்துக்கொண்டார்கள். ஒன்பது கொட்டகை, ஒன்பது கிலோ. பத்துக்குக் கீழேதான். வியாழக்கிழமை விசாரணையில் குச்சி பத்து என்று சொல்லிவிட்டால் அதிகாரி அதையே வரம்பாக எழுதி அனுமதி கொடுத்துவிடுவார்.

இன்னொருவன் என் தம்பி. அட்டைப்பெட்டி ஆலை மூடியதிலிருந்து மூன்று வருஷமாக அவனுக்கு வேலை இல்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் என்னோடுதான் இருக்கிறார்கள். கோழிப்பண்ணையில் டிரைவர் வேலைக்கு அவன் பெயரை எழுதிக்கொண்டு, அனுமதி கிடைத்ததும் சேரலாம் என்று கடிதமும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவன் மடித்த மடிப்பில் கிழியும் அளவுக்கு எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணைக்கு முந்தைய வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் குச்சி மடிக்கணினியோடு எடை அறைக்கு வந்தாள். நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அறிக்கைல வேலை செஞ்ச முறையை எழுதியிருக்கேன். உங்க வேலைதான். ஒரு தடவை படிக்கிறேன், தப்பு இருந்தா திட்டுங்க."

"திட்டறதுக்கு அனுமதி வேற கேக்கணுமா. படி."

தண்ணீர் எத்தனை லிட்டர், எந்த மாதம், தெளிப்பானை எத்தனை தடவை கழுவுவது என்று படித்துக்கொண்டே போனாள். எல்லாம் சரியாக இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே மடித்தேன்.

"'பத்து என்ற அளவுக்குக் கட்டம் ஒன்றுக்கு இருநூற்றுப் பதினேழு கிராம் யூரியா எடை போடப்பட்டது.'"

"எத்தனை?"

"இருநூத்திப் பதினேழு. நூறு கிராம் சத்து வேணும்னா அவ்வளவு யூரியா போட்டாத்தானே வரும். யூரியால பாதிக்கும் கம்மியாத்தானே சத்து இருக்கு. நூத்துக்கு நாப்பத்தாறு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "சரியாக்கா?"

என் கையில் பத்தாம் எண் பொட்டலம் ஒன்று இருந்தது. நூறு கிராம் யூரியா. இருநூற்றுப் பதினேழு என்ற எண்ணை நான் என் தராசில் ஒரு நாளும் பார்த்ததில்லை. நூறு கிராம் தழைச்சத்து என்று அந்த மனுஷன் சொன்னதை நூறு கிராம் உரம் என்று எடுத்துக்கொண்டு, பதினோரு வருஷமாக ஒரு கிராம் பிசகாமல் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

"ம்" என்றேன்.

அவள் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எதையாவது தேடிக் கண்டுபிடித்துச் சண்டை பிடிக்கிறவள் நான். அன்றைக்குப் பார்த்து ஒரே எழுத்தில் முடித்துக்கொண்டேன்.

அவள் போனதும் மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தழைச்சத்து 46 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த எழுத்தின் மேலேயே கத்தி வைத்துத்தான் ஒவ்வொரு மூட்டையையும் அறுத்திருக்கிறேன். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஐந்து என்று பலகை போட்ட இடத்தில் உண்மையில் விழுந்தது இரண்டு சொச்சம். பத்தில் நாலரை சொச்சம். இருபதில் ஒன்பது சொச்சம். நாற்பதில் பதினெட்டு சொச்சம். அதற்கு மேல் யோசிக்கத் தேவையே இல்லை. புதர்களைக் கொன்றது இருபது இல்லை, ஒன்பது. கோழிப்பண்ணை கொட்டப் போகிறதும் ஒன்பது.

தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தம்பி பெண்டாட்டி தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டையையோ சுருக்கிக்கொண்டிருந்தாள். தம்பி தன் பழைய நீலச் சட்டையைத் துவைத்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தான். விசாரணைக்கு அவனும் வரப்போகிறானாம். வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் வந்து பின்னால் உட்காரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

"கோழிக்கு டிரைவர்னு கேலி பண்ணாதக்கா" என்றான். "வழி சொல்லி உசிரை எடுக்காத பயணிங்க. ஏசி போடு, பாட்டை மாத்துன்னு கேக்க மாட்டாங்க. என்ன, ஒரு வழிப் பயணம். அதுதான் பாவம்."

மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நகைச்சுவை அது. அவன் பெண்டாட்டி மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வியாழக்கிழமை நல்லபடியா முடிஞ்சிடும்ல அண்ணி? உங்க குச்சி மாத்திக் கீத்திச் சொல்லிட மாட்டாளே?" என்று கேட்டாள்.

"அவ ஏன் மாத்தப் போறா" என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு எரிச்சல். குழாய் சொட்டுகிறது என்று தம்பியிடம் கத்தினேன். அவன் எதிர்த்துப் பேசாமல் எழுந்து போய்ச் சரி பண்ணினான். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது. வேலை போன புதிதில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானே, அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. சின்னத் தப்புதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பாதிக்கும் கீழே போட்டது சின்னத் தப்பு என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் குச்சி நிலையத்து வாசலில் பழுப்பு உறையோடு நின்றாள். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க எடுத்துக்கொண்டு போகிறாள். வண்டி இன்னும் வரவில்லை. பத்து நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"என்னடி இது தலை, குருவி கூடு கட்டின மாதிரி. ஆபீசுக்குப் போறவ வாரிட்டுப் போகக் கூடாதா?" என்றேன்.

"வாரினாலும் இப்படித்தான்க்கா நிக்கும்." கையால் தலையை அழுத்திக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கட்டங்களில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். இருபது என்று போட்ட கட்டத்துக்கு முன்னால் நின்றேன். புதர்கள் வேரோடு செத்து, தோல் உரிந்து, தொட்டால் பொடிந்தன. நடுவில் காய்ந்த புல் அடர்ந்து கிடந்தது. ஒரு தீக்குச்சி விழுந்தால் ஒரு புதரிலிருந்து இன்னொன்றுக்குத் தீ நடந்தே போகும். பூஜ்யம் போட்ட கட்டத்தில் தரையின் மேல்தோல் கறுத்து, கெட்டியாக, மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே அந்தத் தோலும் போய்விட்டது. காலை வைத்தால் புழுதி கணுக்கால் வரை ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் காடு ஊர்வரைக்கும் உயிரோடு இருந்தது. அது இப்படி ஆவதற்கு நாலைந்து வறண்ட வருஷம் போதும். ஆகிவிட்டால் காற்றடிக்கிற நாளில் ஊரில் கதவு ஜன்னல் திறக்க முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. உயிரோடு இருக்கிற அத்தனையையும் நான் என்னுடைய ஒரு "ம்"மில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியதும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

புதன்கிழமை காலை குச்சியை எடை அறைக்குக் கூப்பிட்டேன். தராசில் ஒரு பொட்டலத்தை வைத்தேன். நூறு என்று காட்டியது.

"இது எந்தப் பொட்டலம்னு நினைக்கிற?"

"நூலைப் பார்த்தா பத்து மாதிரி இருக்கு." பிறகு எண்ணைப் பார்த்தாள். "அக்கா, இது பாதிதான் இருக்கு."

"பதினோரு வருஷமா பாதிதான் இருக்கு. பாதி கூட இல்ல."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கணக்குப் போட அவளுக்குத் தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். உதடு மட்டும் அசைந்தது. ஒன்பது என்ற இடத்துக்கு அவள் வந்து சேர்ந்தது எனக்கே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை படிச்சேனே" என்றாள்.

"படிச்ச."

"சரியான்னு கேட்டேன்."

"கேட்ட."

"நீங்க ம்னு சொன்னீங்க."

"தம்பிக்கு அங்க வேலைடி. ஒன்பதுன்னா கோழிப்பண்ணை வராது. அவன் மூணு வருஷமா..." அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். "வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா ரெண்டு நாள் வேலைக்கா" என்றாள். "நீங்க ஒரு கிராம் மாறாமப் போட்டிருக்கீங்க. எல்லா எண்ணையும் பெருக்கி மாத்தி, இந்தத் தப்பையும் ஒரு வரில எழுதி, நாலரை வரைக்கும்தான் தாங்கும், ஒன்பதுல சாகும்னு சுத்தமா கொடுத்திருப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. இப்ப பத்துன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேனே."

"நாளைக்கு நான் வந்து சொல்றேன்."

"ரெண்டு பேரும் சொல்லலாம்" என்றாள். எழுந்து போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் தம்பியிடமும் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவன் கடைசி வரை கேட்டான்.

"சொல்லித்தான் ஆகணுமாக்கா?"

"ஆகணும்டா."

"அப்ப சொல்லு." கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டே, "வேற வேலை வராமயா போயிடும்" என்றான். அவன் பெண்டாட்டி மிஷினை விட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் எனக்கு டீ போட்டுத் தரவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

விசாரணை மாவட்ட அலுவலகத்தின் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஒரு நீளமான அறையில் நடந்தது. வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் கடைசி மூன்று வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியும் நீலச் சட்டையில் வந்திருந்தான். குச்சி எழுந்து, தான் கொடுத்த அறிக்கையில் எண்கள் தவறு என்றாள். ஏன் தவறு, சரியான எண் என்ன என்பதைத் தெளிவாகச் சொன்னாள். ஒன்பது கொட்டகை வந்தாலே காடு போய்விடும் என்றாள். குரல் நடுங்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கம்பெனி வக்கீல் நிதானமான ஆள். என்னைத்தான் எழுப்பினார்.

"எடை போட்டது நீங்கதானேம்மா?"

"நான்தான்."

"பதினோரு வருஷமா தப்பாப் போட்டிருக்கீங்க."

"தப்புதான். ஆனா எல்லா வருஷமும் ஒரே தப்பு. ஒரு கிராம் கூட மாறலை. பெருக்கிப் பார்த்தா சரியான கணக்கு வந்துடும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "சிரிக்கறவங்க வெளிய போய்ச் சிரிங்க" என்றேன். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டினார்.

"இந்தத் தப்பு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பொய் சொல்லிக் குச்சியை இன்னும் ஒரு தடவை மாட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"போன வெள்ளிக்கிழமை."

"திங்கட்கிழமை இந்த அறிக்கையைக் கொடுக்கும்போது இது தப்புன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலை. ஏன்?"

கடைசி வரிசையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெயரை நான் அந்த அறையில் எப்படி எடுப்பேன்? அத்தனை பேர் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாய் நீளம் என்று பெயர் வாங்கிய நான் அங்கே மரம் மாதிரி நின்றேன். வக்கீல் அதிகாரியிடம் திரும்பினார்.

"திங்கட்கிழமை பத்து. வியாழக்கிழமை நாலரை. எடை போட்டவங்களே தப்புன்னு தெரிஞ்சும் மறைச்சேன்னு சொல்றாங்க, ஏன்னு கேட்டா பதில் இல்லை. அடுத்த வாரம் எந்த எண் வரும்னு எனக்குத் தெரியலை ஐயா. இந்த ஆராய்ச்சியை நம்பித்தான் நாங்க பாதிக் கொட்டகையை விட்டுக் கொடுத்தோம்."

குச்சி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஆய்வு நிலையத்தின் முடிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல என்பதால் அவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. தழைச்சத்துக்கு வரம்பு விதிக்க வேறு ஆதாரம் எதுவும் இல்லை. முதலில் விண்ணப்பித்தபடியே பதினெட்டுக் கொட்டகைக்கும் அனுமதி. குச்சி அதை வராந்தாவில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாள். அவளுடைய பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது. இயக்குநர் எடை அறைச் சாவியை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு, என்னைப் புட்டி கழுவப் போட்டிருந்தார்.

"பதினெட்டு" என்றாள் குச்சி.

எங்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பதினெட்டு சொச்சம் போட்ட கட்டம்தான் முதலில் செத்தது.

அன்று வீட்டுக்குப் போனபோது தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே அவன் பெண்டாட்டி இரண்டு வாரத்துக்கு அப்புறம் எனக்கு டீ போட்டு வைத்திருந்தாள்.

"நாளைக்கே வரச் சொல்லிட்டாங்கக்கா. முதல்ல மண்ணு, செங்கல்லு ஓட்டணும். அப்புறம் கோழி."

"நல்லதுடா" என்றேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறென்ன சொல்ல முடியும்? எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"மேலாளர் உன்னைப் பத்திக் கேட்டார். அன்னைக்கு எடை போட்டேன்னு எழுந்து சொன்னாங்களே, அவங்க உன் அக்காவான்னு. ஆமான்னேன். எழுந்து வந்து கை குடுத்தார்க்கா. அவங்க மட்டும் வந்து அப்படிச் சொல்லலைன்னா ஒன்பது கொட்டகையோட போயிருக்கும், உங்க அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுன்னார்."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வார் கையில் சிக்கவில்லை. அவன் குனிந்து கழற்றிவிட்டான்.

"நானும் சொல்லிக்கறேன்க்கா" என்றான் கீழே பார்த்துக்கொண்டே. "எனக்காகத்தானே அஞ்சு நாள் வாயைத் திறக்காம இருந்த. அதுல வந்த வேலைதான் இது. நன்றி."

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அவன் எழுந்து, "முதல் நாள், நேரத்துக்குப் போகணும். அஞ்சு மணிக்கு எழுப்பிவிடுக்கா" என்றான்.

எழுப்பிவிட்டேன்.